கோடிச் சேலை

அத்தை இறந்துவிட்டாள் என்று போன் வந்ததும் என் மனைவி கேட்ட முதல் கேள்வி, "கோடிக்கு எங்கே போவது?" என்பதுதான். 2020 ஜூன் கடைசி வாரம். 19ஆம் தேதியிலிருந்து சென்னையில் மறுபடியும் முழு ஊரடங்கு. துணிக்கடை எதுவும் திறந்திருக்கவில்லை.

எங்கள் கோவில்பட்டிப் பக்கத்தில் ஒரு பெண் எத்தனை வயதில் இறந்தாலும் பிறந்த வீட்டுக் கோடி வந்தாக வேண்டும். அப்பா போய்விட்டதால் அது என் பாடு. மனைவி பீரோவிலிருந்து பிரிக்காத சேலை ஒன்றை எடுத்து, மூலையில் மஞ்சள் தடவினாள். அதற்குள் அத்தான் மறுபடி கூப்பிட்டார். "மாப்ள, கெளம்பிராத. மெட்ராஸ்ல இருந்து ஆள் வந்திருக்குன்னா தெருவையே அடைச்சிருவாங்க." அவர் சொன்னதில் தப்பில்லை. இ-பாஸ் கிடைத்தாலும் 550 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். அதுவரை வைத்திருக்கவும் முடியாது.

அத்தைக்கு வந்தது கொரோனா இல்லை. வயசுதான். ஆனாலும் இருபது பேருக்கு மேல் கூடக் கூடாது. முதலில் ஊரடங்கு 21 நாள் என்று அறிவித்தபோது, ஏப்ரல் 14 முடிந்ததும் வருகிறேன் என்று அவளிடம் சொன்னேன். பிறகு மே 3 என்றேன். அப்புறம் மே 17. மே 31 என்றபோது சிரித்துவிட்டாள். "என்னல, கடன்காரன் மாதிரி தவணை சொல்லுதே?" ஜூன் 30 என்ற அடுத்த தவணையை நான் சொல்லவே இல்லை. வெட்கமாக இருந்தது.

நாற்காலியில் சேலையை வைத்து, எதிரே செல்போனைச் சாய்த்து உட்கார்ந்தோம். அத்தான் மகன் வீடியோவில் காட்டினான். நீர்மாலைக்குப் போனவர்கள் முகக்கவசத்தோடு குடம் சுமந்து வந்தார்கள். பையனுக்கு அழுகை வரும்போதெல்லாம் கை இறங்கிவிடும். எங்களுக்குத் தரையும் யாரோ கழற்றிப்போட்ட செருப்புகளும் தெரியும். கட்டிப்பிடித்து அழ ஆளில்லாமல் பெண்கள் ஆளுக்கொரு தூணில் சாய்ந்திருந்தார்கள்.

துட்டி வீட்டில் யாரும் சும்மா இருப்பதில்லை. பந்தலுக்குச் சொல்ல ஒருவர், சொந்தத்துக்குத் தகவல் சொல்ல ஒருவர், வந்தவர்களுக்குக் காப்பி கொடுக்க ஒருவர். 'சாவு வீட்டில் இத்தனை சண்டையும் சடங்குமா' என்று சின்ன வயதில் கேலி பேசியவன் நான். அன்றைக்கு எனக்கு ஒரு வேலையும் இல்லை. சிக்னல் போனால் திரும்பக் கூப்பிடுவது ஒன்றுதான். அழுகைகூட வரவில்லை.

"அக்கா சேலை ஒண்ணு புதுசா இருந்துச்சு. உன் பேரச் சொல்லிப் போட்டாச்சு" என்றார் அத்தான்.

எங்கள் சேலை மிஞ்சியது. கோடியென்று எடுத்ததை மறுபடி பீரோவில் வைக்க மனைவி சம்மதிக்கவில்லை. ஒரு மஞ்சப்பையில் போட்டு ஆணியில் மாட்டினாள். இரண்டரை மாதம் அது அங்கேயே தொங்கியது. சில நாள் அதைக் கடந்து போக வேண்டுமே என்பதற்காகவே சமையலறைக்குள் போகாமல் இருந்திருக்கிறேன்.

செப்டம்பர் 7ஆம் தேதி வெளி மாவட்டப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. அடுத்த வாரம் போனோம். அங்கே எல்லோரும் அழுது முடித்திருந்தார்கள். அத்தான் மழையைப் பற்றியும் உளுந்து விதைப்பைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார். கட்டில் கிடந்த இடம் காலியாக இருந்ததைப் பார்த்ததும் எனக்கு அப்போதுதான் வந்தது. நான் ஒருவன் மட்டும் அழ, மற்றவர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். பையன் ஃபேனைப் போட்டான்.

அத்தான் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவள் பையை வாங்கிப் பிரித்தாள். மூலையில் மஞ்சள் பழுப்பேறியிருந்தது.

"இதை என்னக்கா செய்ய?"

"என் சேலையத்தான அத்தைக்குப் போட்டோம்? அப்ப இது எனக்கு."

"கோடில்லாக்கா..." என்றாள் என் மனைவி.

"எங்க அத்தைக்கு வந்ததுதான. இதுக்கு எதுக்குத் தாயி பயம்?" என்று சொல்லிக்கொண்டே கொல்லைக்குப் போய், மஞ்சள் போக அலச, சேலையை வாளித் தண்ணீரில் அமுக்கினாள்.