நூறு டாலர் நோட்டின் நடுவே

வாஷிங்டன் போகும் நம்மவர்கள் வெள்ளை மாளிகை முன் படம் எடுத்துக்கொண்டு, விண்வெளி அருங்காட்சியகத்துக்கு விரைந்துவிடுவார்கள். நேரம் இருந்தால், நேஷனல் மால் புல்வெளியை ஒட்டியுள்ள அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்துக்கும் போய் வாருங்கள். நுழைவுக் கட்டணம் இல்லை. பணத்தின் கதையைச் சொல்வதற்கென்றே அங்கே ஒரு கூடம் இருக்கிறது.

1861இல் உள்நாட்டுப் போர் தொடங்கும்வரை, அமெரிக்கா முழுமைக்கும் பொதுவான பணத்தாள் இருக்கவில்லை. மாநில அரசுகளிடம் உரிமம் பெற்ற வங்கிகள் ஆளுக்கொரு நோட்டு அச்சிட்டன. கள்ள நோட்டும் பெருகியது. அதற்குத் தடுப்பாகத்தான் நோட்டுகளில் தேவதைகள் குடியேறினார்கள். ஒரு பெண்ணின் முகச்சாயலையும் துணி மடிப்பையும் எஃகுத் தகட்டில் மயிரிழைக் கோடுகளாகச் செதுக்குவது எல்லாருக்கும் கைவராது. ஒரு கோடு பிசகினாலும் முகம் மாறிவிடும்.

கதிர்க்கட்டு ஏந்தியவள் விளைச்சல். தராசு பிடித்தவள் நீதி. கோல் நுனியில் தொப்பி மாட்டியவள் சுதந்திரம். பண்டைய ரோமில் விடுதலை பெற்ற அடிமைகள் அணிந்த தொப்பி அது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு, அருங்காட்சியகச் சேகரிப்பில் உள்ள ஒரு நூறு டாலர் நோட்டைப் பாருங்கள். பிரிந்துபோன தென்மாநிலங்களின் கூட்டமைப்பு 1862இல் வெளியிட்டது. வலப்பக்கம், அமெரிக்காவைப் பெண்ணாக உருவகித்த கொலம்பியா. இடப்பக்கம், அடிமை முறை நன்மையே என்று வாதிட்ட முன்னாள் துணை அதிபர் ஜான் கல்ஹூன். நடுவே, பருத்திக் காட்டில் குனிந்து மண் கொத்தும் கறுப்பின அடிமைகள். தெற்கின் செல்வம் யார் முதுகில் ஏறி வந்தது என்பதை மறைக்கக்கூட நினைக்கவில்லை, பெருமையாகவே அச்சிட்டார்கள்.

வெளியே வந்து கிழக்கே நடந்தால் நாடாளுமன்றக் கட்டடம். குவிமாடத்தின் உச்சியில் நிற்பவளும் சுதந்திரம்தான். சிற்பி தாமஸ் கிராஃபோர்ட் அவளுக்கும் அந்தத் தொப்பியையே வரைந்திருந்தார். அது விடுதலையான அடிமையின் சின்னமாயிற்றே என்று மறுத்தார், அப்போதைய போர் அமைச்சர் ஜெஃபர்சன் டேவிஸ். பின்னாளில் தென்மாநிலக் கூட்டமைப்பின் அதிபரானவர் அவர். தொப்பி போய், இறகு சூடிய தலைக்கவசம் வந்தது.

அந்தச் சிலையை வெண்கலத்தில் வார்க்க உழைத்தவர்களில் ஒருவர் பிலிப் ரீட். அப்போது அவர் அடிமை. 1863 டிசம்பரில் சிலை உச்சியேறியபோது, அவர் சுதந்திர மனிதர்.