இருபதில் எட்டு

நான் கோல்ப் ஆடப் பழகுகிறேன் என்பதை அறிந்த பழைய நண்பர்கள் சிலர், துரைமாரின் பந்தியில் நானும் இலை போட்டுவிட்டேனோ என்று ஐயுறுகிறார்கள். அவர்களுடைய ஐயம் காரணமற்றதன்று. 1879ஆம் ஆண்டில் கொழும்பிலே கோல்ப் கழகம் தோன்றி, காலிமுகத் திடலில் வெள்ளையர் பந்தடித்த நாள் தொட்டு, இந்நாட்டில் அவ்விளையாட்டு அதிகாரத்தின் பொழுதுபோக்காகவே வளர்ந்தது. மலைநாட்டிலும் அது துரைமாரின் ஆட்டமாகவே வேரூன்றிற்று. அவர்கள் போய்விட்டனர், புல் மட்டும் அதே ஒழுங்கில் வெட்டப்பட்டு வருகிறது.

ஓய்வூதியம் பெறும் கணித ஆசிரியன் ஒருவன் அங்கே போய்ச் சேர்ந்த கதை சிறியது. நீரிழிவுக்காக நாள்தோறும் நடக்கும்படி வைத்தியர் சொன்னார். அவர் என் மாணவர். தாம் உறுப்பினராயுள்ள மலைநாட்டுக் கழகம் ஒன்றில் எனக்குரிய சந்தாவையும் தாமே செலுத்தி, தம் பழைய மட்டைகளையும் தந்துவிட்டார். பதினெட்டுக் குழிகளையும் ஆடி முடிக்க ஆறேழு கிலோமீற்றர் நடக்கவேண்டும். நடையிலே எனக்குக் குறையில்லை; அடியிலேதான்.

பந்தின் எடை 46 கிராமுக்கு மேற்படுவதில்லை. அது சென்று விழவேண்டிய குழியின் விட்டம் 108 மில்லிமீற்றர். கிறிக்கெற்றிற் போல எவரும் அப்பந்தை என்மீது எறிவதில்லை. அது புல்லிலே அசையாமல் கிடக்கிறது. எதிரி இல்லாமையால் பழியைச் சுமத்தவும் ஆளில்லை. மட்டையும் பந்தும் ஒன்றையொன்று தொட்டிருக்கும் நேரம் ஒரு வினாடியின் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அந்நேரத்தில் பந்து புறப்படும் திசை ஒரு பாகை பிசகினால், இருநூறு யார் தூரத்தில் அது மூன்றரை யார் விலகிவிடும். ஐந்து பாகை பிசகினால் பதினேழு யாருக்கு அப்பால் பற்றைக்குள் கிடக்கும். இதனைக் கரும்பலகையில் வரைந்து நிறுவ என்னால் இயலும். கைகளோ கரும்பலகையைப் பார்ப்பதில்லை.

என் புள்ளி அட்டைகள் நான்கினை எடுத்துப் பார்க்கிறேன்: 118, 131, 109, 127. இவ்விளையாட்டில் குறைந்த எண்ணே சிறந்தது. 109 வந்த மாலை, இனி எல்லாம் கைவந்துவிட்டது என்று எண்ணியபடியே வீடு திரும்பினேன். மறுகிழமை அதே புல், அதே மட்டை, அதே கை. முதலடியே வலப்புறமாக வளைந்து மரங்களுக்குள் மறைந்தது. அதன்பின் அச்சம் விரல்களை இறுக்கியது. இறுகிய விரல்கள் வீச்சைக் குறுக்கின. குறுகிய வீச்சு பந்தை மேலும் பிசகாக அடித்தது. வாங்கில் அமர்ந்திருக்கும்போது விடையை அறிந்திருந்த பிள்ளை, கரும்பலகைக்கு வந்ததும் சுண்ணக்கட்டியைப் பிடித்தபடி உறைந்து நிற்பதை ஆசிரியர்கள் எல்லோரும் கண்டிருப்பார்கள். அந்த உறைவுதான் இதுவும்.

மட்டைப் பையைச் சுமந்து உடன்வரும் தொழிலாளியைக் ‘கெடி’ என்பர். என்னுடன் வருபவருக்கு நாற்பது வயதிருக்கலாம். அயலிலுள்ள தோட்டமொன்றின் லயத்திலே பிறந்தவர்; தாயார் கொழுந்து பறித்தவர். சிறுவனாயிருந்தபோது, யாரோ எறிந்துவிட்ட முறிந்த மட்டையொன்றைக் கொய்யாத் தடியோடு கட்டி ஆடிப் பழகினாராம். அவருடைய பிடி நூல்களிற் காட்டப்பட்ட பிடியன்று, வீச்சும் அப்படியே. ஆயினும் கழக உறுப்பினருட் பலர் அவரோடு பந்தயம் கட்டத் துணியமாட்டார்கள்.

“பந்தப் பாருங்க சேர். அது போற எடத்த நான் பாத்துக்கிறேன்” என்பார்.

இத்தனை நாட்களில் எனக்குக் கிடைத்த கோல்ப் பாடங்களிலே இதனினும் பயனுள்ளது வேறில்லை. என் பார்வை ஓயாமல் விளைவின் மேல் ஓடுவதை அவர் கண்டுகொண்டார். பிசகிய நாட்களில் ஆறுதல் கூறமாட்டார். “போன கெழம அடிச்சதும் இந்தக் கைதானே சேர்?” என்று கேட்டுவிட்டு, புதரை விலக்கிப் பந்தைத் தேடப் போய்விடுவார்.

நூற்பிடியைப் பற்றிப் பேசும்போது தென்னாபிரிக்காவின் பாப்வா செவ்கோலும் நினைவுக்கு வருகிறார். இந்திய வம்சாவளியினரான அவரும் கெடியாக உழைத்தே ஆடக் கற்றவர். வலக்கைக்குக் கீழே இடக்கையை வைத்து, உலக வழக்குக்கு நேர்மாறாக மட்டையைப் பிடித்தார். அந்தப் பிடியோடுதான் 1959இல் ஒல்லாந்துத் திறந்த போட்டியில் வென்றார். 1963இல் டர்பனில் நேற்றால் திறந்த போட்டியில் வென்றபோது, நிறவெறிச் சட்டம் அவரைக் கழக மண்டபத்தினுள் நுழைய விடவில்லை. கொட்டும் மழையில் வெளியே நின்று வெற்றிக் கிண்ணத்தைப் பெற்றார். தோற்றவர்கள் உள்ளே நனையாதிருந்தனர்.

இவ்விளையாட்டின் கணக்குமுறைதான் என்னைப் பெரிதும் சிந்திக்க வைத்தது. ஆடுபவரின் தரத்தை அளக்க ‘ஹண்டிகப்’ என்றோர் எண் உண்டு. 2020இல் நடைமுறைக்கு வந்த உலகப் பொதுவிதியின்படி, ஒருவர் கடைசியாக ஆடிய 20 ஆட்டங்களுள் மிகச் சிறந்த 8 மட்டுமே எடுக்கப்பட்டு, திடலின் கடினத்துக்கு ஏற்பத் திருத்தப்பட்டுச் சராசரி காணப்படுகிறது. எஞ்சிய 12 ஆட்டங்களும் எவ்வளவு கேவலமானவையாயினும் கணக்கிற் சேர்வதில்லை. ஒரு குழியில் எத்தனை அடி அடித்துத் தடுமாறினாலும், கணக்கிற்கு எடுக்கப்படுவதற்கு ஓர் உச்ச வரம்புண்டு. மனிதனின் திறமை நாளுக்கு நாள் ஏறியிறங்கும் என்பதையும், அவனை அவனுடைய நல்ல நாட்களைக் கொண்டே மதிக்கவேண்டும் என்பதையும் வசதி படைத்தோரின் விளையாட்டு இத்தனை துல்லியமாக விதியாக்கி வைத்திருக்கிறது! எனது 131ஐ எவரும் நினைவில் வைத்திருக்கப் போவதில்லை.

இதனைக் கெடியிடம் விளக்கியபோது அவர் சிரித்தார். அவ்விதியை அவர் என்னிலும் நன்றாக அறிவார். பின்பு, தாம் ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பரீட்சை எழுதிய கதையைச் சொன்னார். காலையில் மழை, தோட்டத்திலிருந்து பரீட்சை நிலையத்துக்கு நடந்தே போனார், நனைந்த உடுப்புடன் எழுதினார். வெட்டுப்புள்ளிக்கு மூன்று புள்ளி குறைந்தது. வகுப்பில் எப்போதும் முதலாவதாக வந்தவர். அப்பரீட்சைக்கு இரண்டாம் தடவை தோற்ற இடமில்லை. நகரத்துப் பெரிய பாடசாலையின் கதவு அந்த ஒரு காலையோடு மூடிக்கொண்டது. பத்து வயதுப் பிள்ளைக்கு இருபது ஆட்டங்கள் இல்லை; ஓர் ஆட்டம். நகரப் பிள்ளை தனியார் வகுப்புகளில் எத்தனையோ மாதிரி வினாத்தாள்களை எழுதி, பிசகவேண்டிய பிசகுகளையெல்லாம் அங்கேயே பிசகி முடித்துவிட்டு வருகிறது. தன்னம்பிக்கை பிறவிக்குணம் என்று பேசுவோர் இந்த முன்னாட்களை எண்ணுவதில்லை. இழப்பின்றிப் பிசகுவதற்கும் பணம் வேண்டியிருக்கிறது.

அவருடைய மகள் இப்போது ஐந்தாந்தரத்திற் படிக்கிறாள். சனிக்கிழமை பிற்பகல்களில் எங்கள் வீட்டு விறாந்தையில் அவளுக்கும் லயத்துப் பிள்ளைகள் நால்வருக்கும் பின்னங்களும் பரப்பளவும் சொல்லிக் கொடுக்கிறேன். பழைய வினாத்தாள்களை நகரத்தில் அச்சுப்பிரதி எடுத்து, கிழமைக்கொன்றாக நேரங்குறித்து எழுதச் செய்கிறேன். முந்திய கிழமை அவளுக்கு இருபதில் பதினேழு. இந்தக் கிழமை பதினொன்று. அழைத்துப் போக வந்த தகப்பன் தாளைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை, முகம் மட்டும் வாடிற்று. நான் இரண்டு தாள்களையும் கோவையிலே சேர்த்து வைத்தேன். பரீட்சைக்கு இன்னும் ஏழு மாதங்கள் இருக்கின்றன.