கண்டறியாத நோய்

கண்ணிற் படாத நோய்க்கு அஞ்சுவோர் குறைவு. எமது வீட்டிலும் இதனைக் கண்டோம். பேரனுக்கு 9 மாதம் நிறைந்தபோது, "இந்தக் காலத்திலே யாருக்கு மாமி சின்னமுத்து வருகிறது? ஊசி போட்டால் பிள்ளைக்குக் காய்ச்சலல்லவா வரும்?" என்றாள் மருமகள்.

அவள் அந்நோயைக் கண்டவளல்லள். நாமோ, சின்னமுத்தின்பின் நிமோனியா கண்டு மூச்சுத் திணறிய குழந்தைகளை அயலிலே கண்டிருக்கிறோம். ஊசியினால் வரும் சிறு காய்ச்சல் சில நாளில் ஆறிவிடும். அந்த நோயோ உயிரையும் கேட்கும். இதனை எடுத்துரைத்ததும் அவள் பிள்ளையுடன் கிளினிக்குக்குப் புறப்பட்டாள்.

இந்நோய்கள் தாமாக நம்மைவிட்டு அகலவில்லை. விரிவான தடுப்பூசித் திட்டம் இலங்கையில் 1978ஆம் ஆண்டிலே தொடங்கிற்று. 1984இல் சின்னமுத்து ஊசியும் அதிற் சேர்ந்தது. 1993இன் பின்னர் இங்கு போலியோ நோயாளர் எவரும் காணப்படவில்லை. சின்னமுத்து ஒழிந்ததென 2019இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. ஆயினும் 2023இல், ஊசி பெறாதோரை நாடி அது மீண்டும் தலைகாட்டிற்று.

அரசாங்க கிளினிக்குகளில் இவ்வூசிகளுக்கு ஒரு சதமும் கொடுக்கவேண்டியதில்லை. பிறந்தவுடன் காசநோய்க்கும், 2, 4, 6 மாதங்களில் தொண்டைக்கரப்பன், குக்கல், ஏற்புவலி முதலியவற்றுக்கும் ஊசி உண்டு. பெரியோரும் விலக்கல்லர்: கர்ப்பிணி பெறும் ஏற்புவலி ஊசி, தாயையும் சிசுவையும் ஒருங்கே காக்கும். கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி 2017 முதல் பாடசாலைச் சிறுமியருக்குக் கிடைத்து வருகிறது.

பெற்றோரே, பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டை இன்றே எடுத்துப் பாருங்கள். நிரப்பப்படாத கட்டம் ஒன்றிருப்பின், குடும்பநல உத்தியோகத்தரிடம் தாமதியாது கேளுங்கள். அந்நோயை நம் பிள்ளைகள் என்றும் கண்டறியாதிருக்கட்டும்.