அரைஞாண் கயிறும் ஆறு டியூபும்

வயதானவர்கள் வெளியில் சொல்லக் கூசும் விஷயம் ஒன்றை இன்று எழுதுகிறேன். என்னைப் போல் வேறு யாரும் ஏமாறக் கூடாது என்பதற்காகத்தான்.

போன கோடையில் இடுப்பில், அரைஞாண் கயிறு படும் இடத்தில், ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வட்டமாகச் சிவந்து அரித்தது. ஓரம் தடித்துப் பொடிப்பொடியாகத் தோல் உரிந்தது. நடுவில் தோல் சாதாரணமாக இருந்தது. எங்கள் பாட்டி இருந்திருந்தால் பார்த்தவுடன் "படர்தாமரை" என்று சொல்லியிருப்பார். இடுப்பை அவிழ்த்து டாக்டரிடம் காட்ட எனக்கு வெட்கம். மருந்துக்கடைக்குப் போய், "அரிப்புக்கு ஏதாவது கொடுப்பா" என்றேன். கடைப் பையன் சீட்டு கேட்கவில்லை, ஒரு டியூபை எடுத்து நீட்டினான்.

இரண்டே நாளில் அரிப்பு நின்றது. கடைக்காரப் பையனை மனதுக்குள் மெச்சிக்கொண்டேன். நிறுத்திய ஒரு வாரத்தில் திரும்ப வந்தது, முன்பைவிடப் பெரிதாக. மறுபடி டியூப். இப்படியே நாலு மாதத்தில் ஆறு டியூப் காலி. அதற்குள் தொடைவரை இறங்கிவிட்டது. வட்டமும் கலைந்து, இன்னதென்று சொல்ல முடியாத திட்டுகளாகிவிட்டது.

புடவை கட்டும் இடத்தில் அரிக்கிறது என்று மனைவி சொன்னபோது, "என்னுடையதையே போட்டுக்கோ" என்று தாராளமாகக் கொடுத்தேன். பிறகு லீவுக்கு வந்த நாலு வயதுப் பேரன். என் பாயில்தான் படுப்பான், என் துண்டில்தான் முகம் துடைப்பான். ஒரு நாள் காலையில் அவன் கன்னத்தில் அதே வட்டம்! டியூபைத் திறந்துகொண்டு கிட்டே போனேன். மருமகள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். "வேணாம் மாமா, டாக்டர்கிட்ட போகலாம்" என்றாள், அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா முதலில் டியூபைத்தான் கேட்டார். கண்ணாடி போட்டாலும் எனக்குத் தெரியாத பொடி எழுத்தைப் படித்துவிட்டு, "ஐயா, இதில் குளோபெட்டசால் இருக்கு. ரொம்ப வீரியமான ஸ்டீராய்டு" என்றார். படர்தாமரை பூஞ்சையால் வருகிறது. பூஞ்சையை எதிர்த்து உடம்பு சண்டை போடுவதுதான் சிவப்பும் அரிப்பும். ஸ்டீராய்டு அந்தச் சண்டையை அடக்குகிறது. நமக்குச் சுகமாக இருக்கும். எதிர்க்க ஆளில்லாமல் பூஞ்சை பரவும். தோலும் மெலிந்து கோடு விழும்.

என் தோலை லேசாகச் சுரண்டி, கண்ணாடித் தகட்டில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டு விட்டு, மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். நூல் நூலாகப் பூஞ்சை தெரிந்ததாம். கரப்பான், சொரியாசிஸ் எல்லாம் பார்வைக்கு இப்படியே இருக்கலாம் என்பதால் இந்தச் சோதனை.

பிரெஞ்சுப் பள்ளியில் படித்த நண்பர்களுக்கு நினைவிருக்கும்: பொல்லாத ஆளை 'தேஞ்' என்போம். அந்தச் சொல்லுக்கு நேர்ப்பொருள் தலையில் வரும் படர்தாமரைதான். காரணத்தோடுதான் வைத்திருக்கிறார்கள்.

சர்க்கரை, கல்லீரல் சோதனைகளுக்குப் பிறகு எங்கள் இருவருக்கும் மாத்திரையும் களிம்பும்; பேரனுக்குக் களிம்பு மட்டும். களிம்பைத் திட்டின் ஓரத்தையும் தாண்டி இரண்டு சென்டிமீட்டர் பூச வேண்டும். மறைந்த பிறகும் டாக்டர் சொன்ன நாள் வரை விடக்கூடாது. கொலஸ்ட்ரால், இருதய மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். சில பூஞ்சை மாத்திரைகள் அவற்றோடு ஒத்துப்போகாது. ஆளுக்கொரு துண்டு. துணிகளை வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்த வேண்டும்.

கடைசியாக, "அந்தக் கயிறு வேண்டாம் ஐயா. ஈரம் தங்கும், பூஞ்சையும் தங்கும்" என்றார். நினைவு தெரிந்த நாளாக இடுப்பில் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் மனைவி கத்தரிக்கோலால் நறுக்கினாள். ஏதோ ஆடையில்லாமல் நிற்பதுபோல் இரண்டு நாள் இருந்தது. பிறகு பழகிவிட்டது.

இத்தகைய களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018இலேயே மத்திய அரசு அறிவிக்கை வந்துவிட்டது. ஆயுள் முழுக்கக் கோப்பு தள்ளியவன் நான். ஆணைக்கும் கடைக்கும் உள்ள தூரம் எனக்குத் தெரியாததா? ஆனால் சீட்டில்லாமல் வாங்கியவன் நான்தானே.

குணமாக எங்களுக்கு மூன்று மாதம் ஆயிற்று. என் தொடையில் விழுந்த கோடுகள் இனிப் போகாதாம். பேரன் கன்னத்தில் ஒரு தடமும் இல்லை. இது மாறி நடந்திருந்தால் நான் தாங்கியிருக்க மாட்டேன்.