இரண்டு லூப்

தொழிலைப் பற்றி இந்தப் பக்கங்களில் எழுதுவதில்லை என்று இருந்தேன். கம்ப்யூட்டர் வேலை செய்கிறவன் கவிதை படிக்கலாம். கவிதை படிக்கிறவர்களிடம் கம்ப்யூட்டர் பற்றிப் பேசினால் முகம் மாறிவிடுகிறது. ஆனால் சென்ற வருஷம் நடந்த ஒன்று மனசை விட்டுப் போகவில்லை. அதில் தப்பு என்னுடையது. அதனால் எழுதலாம்.

ஒலிப்பதிவில் இரைச்சலைக் குறைக்கும் ஒரு ப்ரோகிராம். விநாடிக்கு 48,000 எண்கள் வரும். ஒவ்வொன்றையும் பல எண்களால் பெருக்கிக் கூட்ட வேண்டும். ஒவ்வொன்றாகச் செய்தால் நேரம் போதாது. 1999இல் பென்டியம் 3உடன் எஸ்.எஸ்.ஈ. என்ற கட்டளைத் தொகுதி வந்தது. நான்கு தசம எண்களை ஒரே ரெஜிஸ்டரில் வைத்து ஒரே கட்டளையில் பெருக்கலாம். 2011இல் வந்த ஏ.வி.எக்ஸ். நான்கை எட்டாக்கியது. இவற்றை நேராகக் கேட்டு வாங்க இன்ட்ரின்ஸிக் என்று ஒன்று உண்டு. பார்வைக்குச் சாதாரண ஃபங்ஷன். பெயர் அடிக்கோட்டில் ஆரம்பிக்கும். பெரும்பாலும் ஒன்றுக்கு ஒரு கட்டளை. எந்தக் கட்டளை என்பதை நாம் சொல்கிறோம். எந்த ரெஜிஸ்டரில் எதை வைப்பது, இடம் போதாதபோது எதை மெமரியில் ஒதுக்கி வைப்பது என்பதைக் கம்பைலர் தீர்மானிக்கிறது. நாம் எழுதுவதை இயந்திரத்தின் பாஷைக்கு மாற்றுகிற ப்ரோகிராம்தான் கம்பைலர்.

எழுதினேன். வேகமாக ஓடியது. ஆனால் ஒரு இயங்குதளத்தில் மட்டும், ஆப்டிமைசேஷன் போட்டால் மட்டும், சில சமயம் செத்துப்போயிற்று. சில சமயம் என்பதுதான் கொடுமை. எங்கே சாகிறது என்று பார்க்க ஒரு வரி அச்சிடச் சொன்னால் சாகவில்லை. அந்த வரியை எடுத்தால் செத்தது.

தப்பு உன்னுடையது, கம்பைலருடையது அல்ல. இந்தத் தொழிலில் முதலில் கற்பிக்கப்படுவது இதுதான். அநேகமாக உண்மையும்கூட. இரண்டு வாரம் என்னையே சந்தேகப்பட்டேன். ஆனால் கம்பைலரும் மனிதர்கள் எழுதியதே. 2011இல் யூட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் ஒரு ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். தாறுமாறான ஸி ப்ரோகிராம்களைத் தானே எழுதித் தள்ளும் ஒரு கருவியை வைத்துக்கொண்டு, மூன்று வருஷத்தில், பிரபலமான கம்பைலர்களில் அதுவரை தெரியாத 325க்கு மேற்பட்ட தப்புகளைக் கண்டுபிடித்திருந்தார்கள். இதைப் படித்தவன்தான் நான். படித்திருந்தும் என் விஷயத்தில் நம்பவில்லை. புதுக்கவிதையில் அச்சுப்பிழை விழுந்தால் வாசகன் அதைக் கவிஞனின் இருண்மை என்று எடுத்துக்கொள்வான். சில சமயம் கவிஞனே எடுத்துக்கொள்வான். அந்த நிலைமை.

வரிகளை இடம் மாற்றிப் பார்த்தேன். அந்த ஒரு ஃபங்ஷனுக்கு மட்டும் ஆப்டிமைசேஷனைக் குறைத்துப் பார்த்தேன். கடைசியில் ஒரே லூப்பாக இருந்ததை இரண்டாகப் பிரித்தேன். சாவது நின்றது. ஏன் நின்றது என்று பார்க்கவில்லை. வேகம் கொஞ்சம் குறைந்தது, யாரும் கேட்கவில்லை. பக்கத்தில் ஒரு குறிப்பும் எழுதவில்லை. தெரியாததை எப்படிக் குறிப்பாக எழுதுவது என்று அப்போது சமாதானம் சொல்லிக்கொண்டேன். தெரியவில்லை என்று எழுதியிருக்கலாம்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு பையன் வேலைக்குச் சேர்ந்தான். கெட்டிக்காரன். ஒரே எண்களின் மேல் எதற்கு இரண்டு லூப் என்று பார்த்திருக்கிறான். ஒன்றாகச் சேர்த்தான். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். சோதனைகள் எல்லாம் தேறின. வாடிக்கையாளரிடம் போய்ச் செத்தது.

கூட்டம் போட்டார்கள். ஓடிக்கொண்டிருந்ததில் ஏன் கை வைத்தாய் என்று அவனைக் கேட்டார்கள். எனக்கு உடனே புரிந்துவிட்டது. எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை. அவன் மன்னிப்புக் கேட்டான்.

அன்றைக்கு ராத்திரிதான் கம்பைலர் எழுதிக்கொடுத்த அசெம்பிளியை முதல் தடவையாக வரி வரியாகப் படித்தேன். காரணம் ஒரு மணி நேரத்தில் கிடைத்தது. ரெஜிஸ்டர்கள் 16தான். லூப்புக்கு அதற்கு மேல் தேவைப்பட்டது. மிஞ்சியதைக் கம்பைலர் ஸ்டாக்கில் ஒதுக்கியது. ஒதுக்குவதற்கு அது எடுத்துக்கொண்ட கட்டளை, 32ஆல் வகுபடும் முகவரியைத்தான் ஏற்கும். இல்லாவிட்டால் ப்ராசஸர் நிறுத்திவிடும். அந்த இயங்குதளத்திலோ ஸ்டாக் முகவரி 16ஆல் வகுபடும் என்பதற்கு மட்டும்தான் உத்தரவாதம். 16ஆல் வகுபடும் எண்களில் பாதி 32ஆலும் வகுபடும். ஆகவே சில சமயம். நான் சேர்த்த அந்த அச்சிடும் வரி ஸ்டாக்கை 16 பைட் நகர்த்தியிருந்தது, அவ்வளவுதான். இரண்டாகப் பிரித்தபோது எந்த லூப்பும் 16ஐத் தாண்டவில்லை, ஒதுக்கவே தேவையில்லை. புகார் எழுதப் போனால், அதே புகார் வருஷக்கணக்காக அங்கே தீராமல் கிடந்தது.

மறுநாள் காண்டீனில் அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டான். ‘சொல்லியிருக்கலாமே சார்’ என்றான். எதை, எப்போது என்று நான் கேட்கவில்லை.

இப்போது மறுபடி இரண்டு லூப். மேலே ஏழு வரிக் குறிப்பு: எந்தக் கம்பைலர், எந்தப் பதிப்பு, எந்த இயங்குதளம், என்ன நடக்கிறது, எடுப்பதற்கு முன் எதைச் சோதிக்க வேண்டும். கம்பைலர் திருந்தினால் அவனே எடுத்துவிடலாம். மேலதிகாரியிடமும் போய்ச் சொன்னேன், ஒரு மாசம் தாமதமாக. அதற்குள் அவர் மறந்திருந்தார். பையன் மறக்கவில்லை. புதிதாக எதைத் தொடுவதற்கு முன்பும் என்னிடம் வந்து கேட்கிறான். நல்ல பழக்கம் என்று எல்லோரும் சொல்கிறார்கள்.