பூட்டான் தேசத்து ராஜபாட்டை

இமயமலைச் சரிவில், இந்தியாவுக்கும் திபேத்துக்கும் நடுவே அமைந்த பூட்டான் என்னும் சிறு ராஜ்யத்தில் 1960-ஆம் ஆண்டு வரையில் மோட்டார் செல்லத்தக்க நெடுஞ்சாலை ஒன்றுகூட இல்லை என்றால் நேயர்கள் நம்புவது கடினந்தான். வங்காள எல்லையிலுள்ள புன்ட்ஷோலிங்கிலிருந்து திம்புவுக்குக் கோவேறு கழுதைகளுடன் ஐந்தாறு நாட்கள் நடக்க வேண்டும். 1958-ல் பண்டித ஜவாஹர்லால் நேரு பூட்டானுக்கு விஜயம் செய்தபோது, சிக்கிமிலிருந்து நாதுலா கணவாயைக் கடந்து, திபேத்தின் சும்பி பள்ளத்தாக்கு வழியாகப் போய், மலைப்பாதையில் குதிரை ஏறித்தான் பாரோவை அடைந்தார். அண்டை வீட்டுக்குப் போவதற்கு மூன்றாவது வீட்டு முற்றத்தில் நுழைய வேண்டியிருந்தது!

சாலை இல்லாததைப் பூட்டானியர் அதுவரை ஒரு குறையாக எண்ணவில்லை. மலையும் காடுமே அவர்களுக்குக் கோட்டை. சாலை வந்தால் அந்நியரும் வருவர் அல்லவா? ஆனால் 1959-ல் திபேத்தில் கலகம் மூண்டு, வடக்கே சீனரின் கை ஓங்கியதும் நிலைமை மாறிற்று. தலைமுறை தலைமுறையாகத் திபேத்துடன் நடந்து வந்த வியாபாரம் அற்றுப்போயிற்று. வடக்கு வாசல் அடைபட்ட வீட்டுக்குத் தெற்கு வாசலைத் திறந்தே தீர வேண்டும் என்று மன்னர் ஜிக்மே டோர்ஜி வாங்சுக் தீர்மானித்தார்.

இந்திய எல்லைச் சாலை இலாகாவினர் 1961-ல் ‘தந்தக்’ என்ற பெயருடன் அங்கே பணிபுரியச் சென்றனர். 1962-ல் திம்புவுக்கு ஜீப் போயிற்று. தூரம் சுமார் 170 கிலோமீட்டர்தான். ஆனால் தேராய்க் காட்டின் புழுக்கத்தில் புறப்படும் வண்டி, ஒரே நாளில் 2,000 மீட்டருக்கு மேல் ஏறி, பைன் மரக் காற்றில் போய் நிற்கிறது. ஆறு நாள் நடை ஒரு பகற் பிரயாணமாய்ச் சுருங்கிவிட்டது.

எனினும் தேசத்தை ஒன்றாகத் தைத்த நூல் இதுவன்று. மேற்கிலிருந்து கிழக்கே டிராஷிகாங் வரை செல்லும் குறுக்குச் சாலைதான் அது. வழியில் டிரோங்சாவின் கோட்டையைக் காண்பவர்களுக்குப் பழைய அரசியல் சட்டென்று விளங்கிவிடும். முற்காலத்தில் கிழக்குக்கும் மேற்குக்கும் செல்வோர் அக்கோட்டையின் வாயில் வழியாகவே கடந்து போக வேண்டும். வழியை வைத்திருந்தவரே நாட்டையும் வைத்திருந்தார். 1907-ல் முதல் மன்னராக முடிசூடிய உக்யென் வாங்சுக் அந்த டிரோங்சாவின் அதிபதியாக இருந்தவர்தாம்.

இந்தச் சாலையின் கடுமையான பகுதி தும்ஷிங்லா கணவாய். உயரம் 3,700 மீட்டருக்கு மேல். குளிர்காலத்தில் உறைபனி விழுந்து வழியை மூடிவிடுவதுண்டு. கணவாயைத் தாண்டிக் கிழக்கே இறங்கினால் நாம்லிங் என்ற இடத்தில் சாலை செங்குத்தான பாறையின் விலாவிலே தொங்குகிறது. ஒரு புறம் பாறை. மறு புறம் மேகம். இங்கே பாறையை உடைக்கும்போது இந்தியாவிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வந்த கூலியாட்கள் பலர் மாண்டனர். அவர்கள் நினைவாகச் சிறு ஸ்தூபிகள் நிற்கின்றன. மன்னரின் தீர்க்கதரிசனத்தையும் எஞ்சினீயர்களின் சாமர்த்தியத்தையும் எல்லோரும் எழுதுகிறார்கள். ஊர் பேர் தெரியாத அந்த மனிதர்களுக்குக் கிடைத்தது சுண்ணாம்பு பூசிய அந்தச் சில கற்கள்தாம்.

மழைக்காலம் வந்தால் மண் சரிந்து வண்டிகள் மணிக்கணக்காய் நிற்கும். சரிந்ததை அள்ளி முடிப்பதற்குள் அடுத்த வளைவில் மலை இறங்கிவிடும். இத்தகைய தேசத்தின் தலைநகரில் போக்குவரத்துக்கு மின்சார விளக்குகள் இல்லை என்பது ஒரு வேடிக்கை. ஒரு முறை வைத்துப் பார்த்தார்கள், ஜனங்களுக்குப் பிடிக்கவில்லை. வெள்ளைக் கையுறை அணிந்த போலீஸ்காரரே சித்திரக் கூண்டில் நின்று, நாட்டியம் போலக் கைகளை வீசி வழிவிடுகிறார்.

தெற்கு எல்லை நெடுகச் செல்லும் சாலையோ நெடுங்காலம் துண்டு துண்டாகவே இருந்தது. தென்கிழக்கு மூலையிலுள்ள சாம்ட்ரூப் ஜோங்கரிலிருந்து புன்ட்ஷோலிங்குக்குச் செல்ல விரும்பிய பூட்டானியர், எல்லையைத் தாண்டி அஸ்ஸாமின் சமவெளியில் இறங்கி, வங்காளத்தின் தேயிலைத் தோட்டங்களைக் கடந்து, மறுபடியும் தம் தேசத்தின் வாயிலில் நுழைவதே வழக்கமாயிருந்தது. அஸ்ஸாமில் ‘பந்த்’ என்றால், அன்று பூட்டானின் கிழக்கும் மேற்கும் ஒன்றுக்கொன்று தொலைதூர தேசங்களாகிவிடும்.