நாகவில்லிலிருந்து வந்த பென்ட்ரைவ்

சாதாரண தரப் பரீட்சையில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்துக்கு எனக்கு ஏ சித்தி. கணினி வைரசு பரவும் வழிகளை எழுதச் சொன்னால் ஐந்து வழிகளைத் தூக்கத்திலும் எழுதுவேன். அப்படிப்பட்ட நான்தான் சென்ற வருடம் எங்கள் கணினி அறைக்கு வைரசைக் கொண்டுவந்து சேர்த்தேன். இதை எழுத ஒரு வருடம் எடுத்திருக்கிறது.

1990இல் எங்கள் ஊர் முழுவதும் புத்தளம் பக்கம் போன கதை இந்த மலரை வாசிப்பவர்களுக்குப் புதிதல்ல. யுத்தம் முடிந்து மீளக் குடியேறிய பிறகும் எங்கள் சொந்தத்தில் பாதி நாகவில்லில்தான் இருக்கிறது. கருவாடு, மருந்து, கலியாணப் பலகாரம், விடுமுறைக்குப் பிள்ளைகள் என்று எல்லாம் இரண்டு ஊருக்கும் பஸ்ஸில் போய்வரும். என் பென்ட்ரைவும் அப்படிப் போய்வந்ததுதான். மச்சாளின் கலியாணப் படங்களை அவர்கள் வீட்டுப் பழைய மடிக்கணினியிலிருந்து அதில் ஏற்றிக்கொண்டு வந்தேன்.

ஒரு புதன்கிழமை, செய்முறைப் பாடவேளையில் டீச்சர் காரியாலயத்துக்குப் போயிருந்தார். "அனுமதியின்றிப் பென்ட்ரைவ் செருக வேண்டாம்" என்று சுவரில் ஒட்டியிருந்த தாளுக்கு நேர் கீழேதான் நான் செருகினேன். என் கோப்புறைகளின் மூலையில் சின்னதாக ஓர் அம்புக்குறி இருந்தது. கண்டேன், ஆனால் யோசிக்கவில்லை. அழுத்தினேன். படங்கள் திறந்தன. நாலு பேரும் மச்சாளின் மருதோன்றிக் கையைப் பார்த்து மகிழ்ந்தோம்.

படங்கள் திறந்ததுதான் அதன் தந்திரம். இந்த வகை வைரசு உண்மையான கோப்புறையை அழிப்பதில்லை, மறைத்துவிடும். அதே பெயரில் ஒரு ஷோர்ட்கட்டைப் போலிக் கதவு போல வைத்துவிடும். அழுத்துபவருக்கு வேண்டியதைக் காட்டிக்கொண்டே தானும் கணினிக்குள் நுழையும். அதன் பிறகு அந்தக் கணினியில் செருகும் ஒவ்வொரு பென்ட்ரைவிலும் ஏறும். எங்கள் 16 கணினிகளும் ஒரே வலையமைப்பில் இருந்தன. நடுவில் ஒரு பொதுக் கோப்புறை. அதில் யாரும் எழுதலாம், யாரும் அழிக்கலாம். வைரசு எதிர்ப்பு மென்பொருளும் இருந்தது, ஆனால் இணையம் மெதுவென்பதால் அது பல மாதமாகப் புதுப்பிக்கப்படவில்லை. பழைய படங்களை வைத்துக்கொண்டு புதிய கள்வனைத் தேடும் காவலாளி மாதிரி.

வியாழக்கிழமை 4ஆம் இலக்கக் கணினியில் தரம் 10 தங்கச்சி ஒருத்தி தன் பென்ட்ரைவைச் செருகினாள். அவள் கோப்புகள் எல்லாம் அம்புக்குறிகளாக நின்றன. அவள் சத்தம் போட்டாள். டீச்சர் வந்தார்.

"ஆரு புள்ள பென் போட்டது?"

அறையே அவளைப் பார்த்தது. அவள் கையில்தானே பென்ட்ரைவ் இருந்தது. நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் "ஸ்கூலுக்கு வைரசு வந்திட்டு" என்றேன். "அப்ப திரும்பவும் பூட்டுவாங்களா?" என்று உம்மா பயந்து போனார். சிரித்துவிட்டு, அதோடு பேச்சை மாற்றிக்கொண்டேன்.

அந்த நாலு நாளில் நான் நிறைய வாசித்தேன். 2008 நவம்பரில் உலகெங்கும் பரவத் தொடங்கிய கொன்ஃபிக்கரும் எங்கள் அறையில் திறந்து கிடந்தவை போன்ற வழிகளாலும் பரவியிருக்கிறது: பகிர்ந்த கோப்புறை, இலகுவான கடவுச்சொல், பென்ட்ரைவ். அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசொஃப்ட் அதற்கு முந்திய மாதமே வெளியிட்டிருந்தது. அந்த ஓட்டை வழியாக, அதை நிறுவாதவர்கள்தான் அகப்பட்டார்கள். என்னை உறங்கவிடாதது இன்னொரு கதை. 1986இல் லாகூரில் பாஸித், அம்ஜத் என்ற இரு சகோதரர்கள் 'பிரெய்ன்' என்ற வைரசை எழுதினார்கள். நெகிழ்வட்டு வழியாகக் கைக்குக் கை மாறி நாடு நாடாகப் போனது. அதற்குள்ளேயே தங்கள் பெயரையும் கடை முகவரியையும் தொலைபேசி இலக்கத்தையும் எழுதி வைத்திருந்தார்களாம். எழுதியவனே பெயர் போட்டிருக்கிறான். கொண்டுவந்த நான் வாய் திறக்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் டீச்சரிடம் போய்ச் சொன்னேன். ஏசுவார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "புதன்கிழமையே சொல்லியிருந்தா ஒரு கணினியோட முடிஞ்சிருக்கும் மகள்" என்றார். ஏசியிருக்கலாம்.

முதல் வேலையாக எல்லாக் கணினிகளின் வலையமைப்பு வயர்களையும் கழற்றினோம். இணைத்தபடியே ஒன்றைச் சுத்தம் செய்தால் பக்கத்துக் கணினி அதைத் திருப்பிக் கொடுத்துவிடும். ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்த பிறகு 'அட்ரிப்' என்ற கட்டளையை டீச்சர் காட்டித் தந்தார். கோப்புகளின் மறைப்பை அது நீக்கும். ஒரு வரி தட்டியதும் காணாமற்போனவை எல்லாம் திரும்பி வந்தன. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

அந்தத் தங்கச்சி கைதட்டவில்லை. அவள் பென்ட்ரைவில் ஒன்றுமே மறைந்திருக்கவில்லை. தன்னால்தான் எல்லாம் என்று நம்பி, யாரோ சொன்னதைக் கேட்டு வெள்ளிக்கிழமையே அதை ஃபோர்மெட் செய்திருந்தாள். பிறகு பாடக்குறிப்புகளையும் அதில் நிரப்பிவிட்டாள். அழிந்தது அவளுடைய உம்மம்மா சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்த 22 பக்கங்கள். 1990 ஒக்டோபரில் படகேறிக் கற்பிட்டியில் இறங்கிய கதை. பொதுக் கோப்புறையில் பழைய பிரதி ஒன்று கிடைத்தது. அதில் ஒன்பது பக்கங்கள்தான்.

"நான்தான் கொண்டுவந்தேன்" என்று அவளிடம் சொன்னேன். "சரி ராத்தா" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

இப்போது எங்கள் அறையில் பொதுக் கோப்புறையை மாணவிகள் வாசிக்கலாம், எழுத முடியாது. மென்பொருள் நிறுவும் அதிகாரம் மாணவர் கணக்குகளுக்கு இல்லை. வாசலருகே வலையமைப்பில் சேராத ஒரு பழைய கணினி இருக்கிறது, எல்லாப் பென்ட்ரைவும் முதலில் அதற்குத்தான். ஒவ்வொரு முறை கணினியைத் திறக்கும்போதும் அதைப் பழைய நிலைக்கே கொண்டுவரும் 'டீப் ஃபிரீஸ்' போடலாம் என்றும் பேசினோம். அப்படிச் செய்தால் மறதியாகச் சேமித்த பாடவேலையும் சேர்ந்து போய்விடும் என்பதால் விட்டுவிட்டோம். நான் கேட்டு வைத்தது ஒரு கொப்பி. யாருடைய பென்ட்ரைவ், எங்கிருந்து வருகிறது, சந்தேகம் உண்டா என்று அதில் எழுத வேண்டும். எழுதுபவருக்கு ஏச்சு இல்லை என்று டீச்சர் முதற்பக்கத்தில் எழுதிக் கையொப்பம் வைத்தார். முதல் கிழமை யாரும் சந்தேகம் எழுதவில்லை. இரண்டாம் கிழமை "எங்கட வீட்டுக் கணினியில அம்புக்குறி இருக்கு" என்று ஒருத்தி எழுதினாள். மறுநாள் மூன்று பேர்.

நோன்பு விடுமுறையில் அந்தத் தங்கச்சியின் வீட்டுக்குப் போனேன். உம்மம்மா முற்றத்தில் ஓலைப் பாயில் இருந்தார். நடந்ததைச் சொன்னேன். கணினி பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.

"திரும்பவும் சொல்லணுமா?" என்றார்.

"ஓம் உம்மம்மா. இந்த முறை நானும் எழுதுறேன்."

போன முறை படகிலிருந்து தொடங்கியவர், இந்த முறை கோழிகளிலிருந்து தொடங்கினார். வெளிக்கிடும்போது கூட்டைத் திறந்துவிட்டு வந்தாராம், அடைகாத்துக்கொண்டிருந்த ஒன்று மட்டும் வெளியே வரவில்லையாம். "இத போன முறை சொல்லல்ல" என்று தங்கச்சி என் காதுக்குள் சொன்னாள். உம்மம்மா நிறுத்தி, எங்கள் இருவரின் கைகளையும் பார்த்தார். நாங்கள் அந்த வரியை எழுதி முடிக்கும் வரை காத்திருந்துவிட்டுத் தொடர்ந்தார்.